கண்ணளவுக்குத் தப்பிய உதிரம்

என் அக்காவுக்கு 1998-இல், ஆவணி மாதத்து மழை நாள் ஒன்றில் மகன் பிறந்தான். மூன்றேகால் கிலோ. தாலுகா ஊர் ஒன்றின் சின்ன மருத்துவமனை அது. "ஆம்பளப் புள்ள" என்று ஆயா வந்து சொன்னதும் அப்பா கற்கண்டு வாங்க ஓடினார். பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மூக்கு யாரைப் போல, விரல் யாரைப் போல என்று எல்லோரும் அவனையே மொய்த்துக்கொண்டு நின்றோம். அக்கா உள்ளே தனியாகப் படுத்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா உள்ளே போனார். "குளிருதும்மா, இன்னொரு போர்வை போடு" என்றாள் அக்கா. உதடு வெளுத்துக் கிடந்தது. நெற்றியிலோ முத்து முத்தாக வியர்வை. குளிருகிறவளுக்கு ஏன் வியர்க்கிறது என்று அம்மாவுக்கு உறைத்திருக்கிறது. போர்வையை விலக்கினார். இடுப்புக்குக் கீழே ரப்பர் ஷீட் குழிந்திருந்த இடத்தில் ரத்தம் தேங்கி நின்றது. ஓரங்களில் ஈரல் துண்டுபோல் உறைந்திருந்தது. அதுவரை அந்தப் பக்கமாக வந்து போனவர்களுக்கு வெள்ளைப் போர்வை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அரை மணி நேரத்துக்கு முன்பு கேஸ் ஷீட்டில் 'உதிரப்போக்கு சாதாரணம்' என்று எழுதியிருந்தார்கள். எழுதிய சிஸ்டரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கண்ணளவில் பார்த்து எழுதினார். அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள். கண்ணளவு எவ்வளவு மோசமாக ஏமாற்றும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பிரசவ அறையைத் தாண்டியும் பல வருடங்களுக்கு அது அக்காவை விடாமல் துரத்தியது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. உடம்பில் மொத்தம் இருப்பதே ஐந்தாறு லிட்டர். குழந்தை வெளியே வந்து நஞ்சுக்கொடியும் பிரிந்த மறுகணம், அது ஒட்டியிருந்த இடம் ஒரு தட்டளவு புண்ணாகிறது; சுமார் நூறு சுருள் தமனிகள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. கணக்குப்படி பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோக வேண்டும். ஆனால் நூறு பிரசவங்களில் தொண்ணூற்றுக்கு மேல் அப்படி எதுவும் நடப்பதில்லை. காரணம், கருப்பைத் தசையின் நெசவு. கயிற்றுக் கட்டிலில் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதுபோல் அதன் தசைநார்கள் பின்னிக் கிடக்கின்றன. ரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலின் கண்களுக்குள் புகுந்து வருகின்றன. தசை சுருங்கியதும் ஒவ்வொரு கண்ணும் இறுகி, உள்ளே ஓடும் குழாயை நெரித்து மூடிவிடுகிறது. ரத்தம் உறைவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மகப்பேறு மருத்துவர்கள் இதை 'உயிருள்ள கட்டு' என்பார்கள். அறுவை சிகிச்சையில் நூல் போட்டுக் கட்டுவதை இங்கே தசையே செய்துகொள்கிறது.

பிரசவம் ஆனதும் அனுபவமுள்ள செவிலியர் தொப்புள் பக்கம் கை வைத்து அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். சுருங்கிய கருப்பை தேங்காய்போல் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். பிசைந்த மாவுபோல் கொழகொழவென்று இருந்தால் ஆபத்து; தசை அயர்ந்துபோய்விட்டது, கட்டு விழவில்லை. நீண்ட வலி, இரட்டைக் குழந்தை, அளவுக்கு மேல் பனிக்குட நீர் என்று ஏதோ ஒன்றால் களைத்த தசை இது. பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் உதிரப்போக்கில் பத்துக்கு ஏழு இப்படிக் கருப்பை தளர்ந்து வருவதுதான். மற்றவை, பிறப்புப் பாதையில் விழுந்த கிழிசலாலோ, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டாலோ, ரத்தம் உறையாத கோளாறாலோ வருகின்றன. அக்காவுக்கு இரண்டு நாள் வலி. அவள் கருப்பை களைத்துப் போயிருந்தது.

அப்படியிருந்தும் அந்த முக்கால் மணி நேரம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? போர்வை மட்டும் அதை மறைக்கவில்லை. கர்ப்பத்தின்போது பெண்ணின் ரத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடுகிறது. பிரசவத்தில் கொஞ்சம் போகும் என்று உடம்பு முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆகவே முதல் ஒரு லிட்டர் போகும்வரை இளம்பெண்ணின் உடம்பு வெளியே காட்டிக்கொள்ளாது. நாடி கொஞ்சம் வேகமாகும், கை கால் சில்லிடும், பிரஷர் மட்டும் ஒழுங்காகவே இருக்கும். பிரஷர் விழத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். அதனால்தான் இப்போது நாடித்துடிப்பை மேல் பிரஷரால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். துடிப்பு 110, பிரஷர் 100 என்றால் விடை 1.1. பிரஷர் 100 என்பதைத் தனியாகப் பார்த்தால் பயம் வராது. வகுத்த விடை 0.9-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று அர்த்தம்.

ரத்தத்தை அளந்தால் என்ன என்ற கேள்வியை நம் பக்கத்து மாநிலத்தில் கேட்டுப் பார்த்தார்கள். கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் 2002-க்கும் 2005-க்கும் இடையே மருந்து ஆய்வு ஒன்று நடந்தது. குளிர்சாதனப் பெட்டி தேவைப்படாத மிசோபுரோஸ்டால் மாத்திரையைத் துணைச் செவிலியர்கள் 1,620 பெண்களிடம் சோதித்தார்கள். மாத்திரை, பெரும் உதிரப்போக்கைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதத்துக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த ஆய்வுக்காகச் செய்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பிரசவம் ஆனதும் தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்க வேண்டியது. நுனியில் புனல்போல் குவிந்த பை, பையில் மில்லி லிட்டர் கோடுகள். வழியும் ரத்தம் பைக்குள் இறங்கும். கோட்டைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். அந்த விரிப்போடு கண்ணளவை ஒப்பிட்டபோது கண் மூன்றில் ஒரு பங்கு ரத்தத்தைக் குறைத்துச் சொல்வது தெரிந்தது. ரத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கூடுகிறது கண்ணின் தவறும். அதாவது, உயிர் போகிற நேரத்தில்தான் கண் மிக மோசமாக ஏமாற்றுகிறது.

நிறுத்துவதற்கு மருந்தில்லாமல் இல்லை. ஆக்சிடோசின் ஊசி எல்லாப் பிரசவ அறையிலும் உண்டு. 1906-இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயர் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாறு, சினையுற்ற பூனையின் கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். 1953-இல் அமெரிக்கரான வின்சென்ட் டு விக்னோ அந்தச் சாற்றிலுள்ள ஆக்சிடோசினைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டினார். 1955-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில், மருந்து வீரியம் இழந்திருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சூடு தாங்கும் கார்பெட்டோசின் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, உதிரப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது 2018-இல்தான்.

இன்னொரு மருந்தின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். ஜப்பானின் உட்டாகோ ஒகாமோட்டோ, தன் கணவர் ஷோசுகேயுடன் சேர்ந்து, பிரசவ ரத்தப்போக்கில் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்றே ஆராய்ச்சியில் இறங்கியவர். பார்த்துக்கொள்ள ஆளில்லாத மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறார். 1962-இல் இருவரும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை உலகுக்கு அறிவித்தார்கள். உறைந்த ரத்தம் மறுபடி கரையாமல் அது பிடித்து வைக்கும். பல் பிடுங்குவதற்கும் மாதவிடாய் மிகைக்கும் அது பயன்பட்டது. பிரசவத்தில் சோதித்துப் பாருங்கள் என்று அவர் கோபே நகர மருத்துவர்களைக் கேட்டும் அவர்கள் இசையவில்லை. அந்தச் சோதனை கடைசியில் 21 நாடுகளில், 20,060 பெண்களிடம் நடந்தது. உதிரப்போக்கு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்த இழப்பால் வரும் சாவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2017-இல் முடிவு வெளியானது. அதற்கு முந்தின ஆண்டு, 98 வயதில், ஒகாமோட்டோ காலமாகியிருந்தார். அக்கா அந்த மெத்தையில் கிடந்தபோது அந்த மருந்துக்கு வயது 36. எங்கள் ஊர் மருந்துக் கடையில்கூட அது இருந்திருக்கலாம்.

மருந்தும் கையும் தோற்கும் இடத்துக்கும் வழி கண்டவர்கள் உண்டு. டாக்காவின் மருத்துவர் சயேபா அக்தர், ரப்பர் குழாயின் முனையில் ஆணுறையைக் கட்டிக் கருப்பைக்குள் வைத்து, உப்புநீரால் ஊதப் பண்ணி, உள்ளிருந்தே அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். மிகச் சொற்பச் செலவில் முடிகிற வைத்தியம். அதை அவர் 2003-இல் எழுதி வெளியிட்டார்.

இவ்வளவும் கையில் இருந்தும் பெண்கள் ஏன் சாகிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடிப் பெண்களுக்கு இந்த உதிரப்போக்கு வந்தது. ஏறத்தாழ 70,000 பேர் இறந்தார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆரி குமாரசாமி தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இதற்கு விடை சொன்னது. அங்கே புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கோடு போட்ட விரிப்பைக் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டியதும் கருப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், கிழிசல் பார்ப்பது எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்யச் சொன்னார்கள். 2023-இல் முடிவு வந்தது. கண்ணளவில் வேலை செய்த மருத்துவமனைகள் பெரும் உதிரப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தன. விரிப்பு வைத்தவை 93 சதவீதத்தை. கடும் உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்க வேண்டிய நிலை, சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 60 சதவீதம் குறைந்திருந்தது. 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறையையே மாற்றியது: 500 மில்லிவரை காத்திருக்க வேண்டாம்; 300 மில்லி போய், நாடியோ பிரஷரோ சரியில்லை என்றாலே வைத்தியத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

அக்கா பிழைத்தாள். மாவட்டத் தலைநகருக்கு வேனில் கொண்டுபோய், சித்தப்பா மகன்கள் இருவர் ரத்தம் கொடுத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். "பொழச்சதே பெருசு" என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் எண்ணவில்லை.

அவளுக்குப் பால் சுரக்கவே இல்லை. பூண்டுக் குழம்பு வைத்தோம். பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் கஞ்சி எல்லாம் கொடுத்தோம். பிள்ளையை மார்பில் வைத்தால் அவன் சப்பிப் பார்த்துவிட்டு வீறிடுவான். வந்த பெண்கள், "மனசு வச்சாத்தான் பால் இறங்கும்" என்றார்கள். அவள் மனசு வைக்கவில்லை என்றே நானும் நினைத்திருந்தேன். பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சங்கில் ஊட்டி வளர்த்தோம். அவள் எப்போதும் சோர்ந்து படுத்தாள். சித்திரை வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டாள். புருவம் உதிர்ந்தது. மாதவிடாய் திரும்பவில்லை. "அடுத்தது எப்போ?" என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் பதில் இல்லை. மாமியார் வீட்டில் அவளுக்குச் சோம்பேறி என்று பேர் விழுந்தது. பதினொரு வருடம் இப்படியே போயிற்று. 2009-இல் சாதாரணக் காய்ச்சலில் மயங்கி விழுந்து மதுரைக்குக் கொண்டுபோனபோது, ரத்தத்தில் உப்பு தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அங்கே ஓர் இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசிப் பிரசவத்துல ரத்தம் நெறய போச்சா? அப்புறம் பால் வந்துச்சா?"

பிட்யூட்டரி சுரப்பி மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கொண்டைக்கடலை அளவுதான். அதன் பின்பகுதியிலிருந்துதான் கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் வருகிறது. முன்பகுதி பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினைச் செய்கிறது. தைராய்டு, அட்ரினல், சூலகம் மூன்றுக்கும் உத்தரவு போடுவதும் அதுவே. கர்ப்பத்தில், பாலூட்டலுக்குத் தயாராக, முன்பகுதி நன்றாகப் பருத்துவிடுகிறது. ஆனால் அதற்கு ரத்தம் வருவது அழுத்தம் குறைந்த மெல்லிய நாளங்கள் வழியாக. வளர்ந்த பயிர், பழைய சிறு வாய்க்கால். பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் பிரஷர் விழுந்தால், முதலில் வறண்டு கருகுவது இந்தப் பயிர்தான். ஹரால்ட் ஷீஹன் என்ற நோய்க்குறியியல் அறிஞர், பிரசவத்துக்குப் பின் இறந்த பெண்களின் உடல்களை ஆராய்ந்து 1937-இல் இதை எழுதினார். இன்றும் ஷீஹன் நோய் என்றே பெயர்.

பால் வராததுதான் இதன் முதல் அடையாளம். சோர்வு, குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மாதவிடாய் நிற்பது எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருப்பதால் வருடக்கணக்கில் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. பணக்கார நாடுகளில் இது அபூர்வமாகிவிட்டது. 2005-இல் வெளியான காஷ்மீர் ஆய்வு ஒன்று, பிள்ளை பெற்ற, 20 வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. பலர் வீட்டிலேயே பெற்றவர்கள். வைத்தியம் எளிது: குறைந்துபோன ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுத்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, ஸ்டீராய்டை முதலில் தொடங்கிவிட்டுத்தான் தைராக்சின் தர வேண்டும். மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. அக்காவின் ஸ்கேனில் அந்த எலும்புக் குழி காலியாகக் கிடந்தது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் அவள் தானே எழுந்து போய்க் கிணற்றடியில் துணி துவைத்தாள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுதார்.

உடம்பைப் பார்க்க ஸ்கேன் உண்டு. மனதுக்கு என்ன செய்வது? ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டாலும் அந்த அறை கண்முன் வந்துவிடும் என்று அக்கா பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். டெட்டால் வாடை வந்தால் ஓடிவிடுவாள். பிள்ளையின் தடுப்பூசிக்கு அவள் போனதே இல்லை, நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வரும் அதிர்ச்சி நோய் பிரசவத்திலும் வருகிறது. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பொதுவாகப் பிள்ளை பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கும், பிரசவம் சிக்கலானவர்களையும் உள்ளடக்கிய கூடுதல் ஆபத்துப் பிரிவில் 18.5 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. அந்த நினைவையே எடுத்துப் பேசிக் கரைக்கும் சிகிச்சைக்குப் பலன் உண்டு. "புள்ள நல்லாத்தானே இருக்கான், அப்புறம் என்ன?" என்று நாம் கேட்பதுதான் அவளைப் பேசவிடாமல் செய்கிறது.

மனச்சோர்வு இதைவிடப் பரவலானது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நிறைமாதப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்று பார்த்தார்கள். வருமானம் குறைந்தவளுக்கு, மகன் வேண்டும் என்ற வீட்டில் மகளைப் பெற்றவளுக்கு, மாமியாரோடோ தாய் தகப்பனோடோ ஒத்துப்போகாதவளுக்கு, வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதவளுக்கு. எல்லாமே நம் வீட்டுக்குள் நடக்கிறவை. இதைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோவில் ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழிலும் அது இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தசோகை தங்கிவிட்டவளுக்கு மனச்சோர்வும் எளிதில் வரும் என்பதால், இரும்புச் சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேச ஆளில்லாதவர்கள் 14416 என்ற அரசின் மனநல எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம், கட்டணம் இல்லை.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்கின்படி லட்சம் பிறப்புக்குத் தாய்மார் சாவு 54. நாடு முழுவதற்கும் 97. இந்த எண்ணைக் கீழே கொண்டுவரக் கிராம சுகாதார செவிலியர்களும் 108 வண்டி ஓட்டிகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். வீடு தேடி வருகிற செவிலியர் குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்ளும் அதே நோட்டில், பால் சுரந்ததா, குளிர் அதிகம் தெரிகிறதா, மாதவிடாய் திரும்பியதா, தூக்கம் வருகிறதா என்று தாய்க்கும் நாலு கட்டம் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன்.

1998-இல் பிறந்த அந்தப் பையன் இப்போது அப்பாவாகிவிட்டான். இந்தத் தை மாதம் அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குக் கீழே அந்தக் கோடு போட்ட விரிப்பு இருந்தது. "இருநூத்தி நாப்பது" என்று சிஸ்டர் ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி எழுதிக்கொண்டது கதவுக்கு வெளியே கேட்டது. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மூக்கு யாரைப் போல என்று பேச்சு ஆரம்பித்தது. அக்காதான் பாட்டி என்று ஆயா அவளிடம் பிள்ளையை நீட்டினாள். அக்கா வாங்கி, ஒரு பார்வை பார்த்து, என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போர்வையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். பிறகு மருமகளின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"குளிருதாம்மா?"